டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு முதல் இரண்டு வருடம்: பேச்சுப் பயிற்சி எங்கே, யாரிடம்?

கேரியோடைப் (குரோமோசோம் டெஸ்ட்) ரிப்போர்ட் வந்து, இதயத்துக்கு எக்கோ எடுத்து, வீட்டில் எல்லோரும் ஓரளவு நிதானத்துக்கு வந்ததும் அடுத்து வரும் கேள்வி, "பிள்ளை எப்போ பேசும்?" பதில் தேடிப் போனால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு டாக்டர் இரண்டு வயது ஆகட்டும் பார்க்கலாம் என்பார், தெரிந்த அக்கா ஒருவர் தனியார் ஸ்பீச் தெரபி நம்பர் கொடுப்பார், மாமியார் வசம்பு உரசுவார், யூடியூப்பில் ஒருவர் சைகை சொல்லிக்கொடுங்கள் என்பார், அடுத்த வீடியோவிலேயே இன்னொருவர் சைகை காட்டினால் பேச்சே வராது என்பார். என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். நான் டாக்டரோ தெரபிஸ்ட்டோ இல்லை, ஆனால் இந்த வழிகளையெல்லாம் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் என்னென்ன வழி இருக்கிறது, எதில் என்ன லாபம், எங்கே ஓட்டை என்று எழுதுகிறேன்.

என் கட்சியை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். காது டெஸ்ட் எல்லாவற்றுக்கும் முதலில். பயிற்சியின் பெரும்பங்கு வீட்டில்தான் நடக்கும், தெரபிஸ்ட்டின் முதல் வேலை உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. சைகையை எட்டு, ஒன்பது மாதத்திலேயே ஆரம்பிக்கலாம். அரசு மையமா, தனியார் கிளினிக்கா என்ற கேள்வி இதற்கெல்லாம் அப்புறம்தான்.

ஏன் என்பதற்கு இந்தக் குழந்தைகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். 21வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம், இந்தக் காரணத்தை 1959இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். தசை இறுக்கம் குறைவு, உதடு, கன்னம், நாக்கு எல்லாம் தளர்வு. வாய்க்குள் இடம் சிறியது, அதனால்தான் நாக்கு பெரிதாகத் தெரிகிறது, வெளியே எட்டிப் பார்க்கிறது. காதுத் துவாரம் ஒடுக்கம், நடுக்காதில் திரவம் தேங்குவது சகஜம். இதெல்லாம் பேச்சை இழுத்துப் பிடிக்கும் பக்கம். மறுபக்கத்தில், கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வதில் இவர்கள் கெட்டி. காதால் கேட்டதை மனதில் பிடித்து வைப்பதைவிடக் கண்ணால் பார்த்ததைப் பிடித்து வைப்பது இவர்களுக்கு எளிது. சொல்வதைப் புரிந்துகொள்வது எப்போதுமே வாயால் சொல்வதைவிட முன்னால் ஓடும். "எதுவும் பேசவில்லை, ஆனா எல்லாம் புரியுது" என்று பெற்றோர் சொல்வது வெறும் ஆசையில்லை, பல குழந்தைகளிடம் அப்படித்தான் இருக்கிறது.

முதல் சொல் எப்போது வரும் என்பதற்குத் தேதி கிடையாது. சில குழந்தைகள் ஒரு வயதை ஒட்டியே சொல்லிவிடும், சிலதுக்கு மூன்று, நான்கு வயதாகும், இரண்டுமே டவுன் சிண்ட்ரோமில் பார்க்கக்கூடியதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் நடக்கிற ஏராளமான வேலை இருக்கிறதே, கண்ணைப் பார்ப்பது, சிரிப்புக்குச் சிரிப்பு, நீ ஒரு சத்தம் நான் ஒரு சத்தம் என்று மாறி மாறி வருவது, "பா பா பா", "த த த" என்ற மழலை, வேண்டியதை நோக்கிக் கை நீட்டுவது, நீங்கள் காட்டிய பக்கம் திரும்பிப் பார்ப்பது, இதெல்லாம் முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுகிறது. "பா பா" மழலை மற்ற குழந்தைகளுக்கு வரும் நேரத்திலிருந்து சுமார் இரண்டு மாதம் தள்ளி வரலாம், அவ்வளவுதான். ஆகவே இரண்டு வயது வரை காத்திருப்பது என்ற வழி என் கணக்கில் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. காத்திருப்பவர்கள் பேச்சுக்காகக் காத்திருப்பதாக நினைக்கிறார்கள், அதற்குள் பேச்சின் அஸ்திவாரத்துக்கான காலம் கழிந்துவிடுகிறது.

காது விஷயத்துக்கு வருவோம், இதில் சுருக்கமாகப் போக முடியாது. பிறந்தவுடன் மருத்துவமனையில் ஓ.ஏ.இ. என்ற முதற்கட்டக் காது டெஸ்ட் செய்து "பாஸ்" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. திரவம் பின்னால் சேரும், அது வரும், வடியும், மறுபடி வரும். சளி பிடித்த மாதம் ஒரு மாதிரி கேட்கும், மற்ற மாதம் வேறு மாதிரி கேட்கும். வெளியே சீழ் வடியாது, குழந்தை காதைப் பிடித்து அழக்கூட அழாது, சத்தம் மட்டும் மங்கிக்கொண்டே போகும். "ச", "த", "ப" போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழாத குழந்தை அவற்றை எப்படித் திருப்பிச் சொல்லும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டலில் பிறந்தவுடன் ஒரு தடவை, ஆறு மாதத்தில் மறுபடி, அதற்குப் பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றுதான் இருக்கிறது. இங்கே நீங்கள் கேட்க வேண்டியது, சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட், கூடவே நடுக்காதில் திரவம் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி. பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும், அதனால் அன்றைக்குக் காலையில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள் என்பார்கள், பஸ்ஸில் தூங்கிவிட்டால் அந்த நாள் போச்சு. திரவம் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, தேவையானால் கிராமெட் என்ற சின்னக் குழாய் வைப்பது பற்றியோ காது மெஷின் பற்றியோ பேசுவார். காது மெஷின் என்றதும் வீட்டில் ஒரு அழுகை நடக்கும். நடக்கட்டும், மெஷினை மாட்டிவிடுங்கள்.

இதோடு சேர்த்து தைராய்டு, ஆறு மாதத்திலும் ஒரு வயதிலும், பிறகு வருடம் ஒருமுறையும். கண்ணையும் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும், உங்கள் முகமே சரியாகத் தெரியாத குழந்தை உங்கள் உதட்டைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளும்? தைராய்டு குறைந்திருந்து குழந்தை மந்தமாக இருக்கும்போது தெரபிக்குப் பணம் கட்டுவது வீண்.

சரி, இப்போது வழிகள்.

முதலில் அரசு வழி. ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டம் 2013இல் வந்தது, பிறவிக் குறைபாடு முதல் வளர்ச்சித் தாமதம் வரை பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பது, அதன் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. மாவட்ட அளவில் இதற்காக டி.இ.ஐ.சி., அதாவது மாவட்ட இடையீட்டு சேவை மையம், பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்திலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். இதன் பெரிய பலம், குழந்தை டாக்டர், பிசியோ, காது-பேச்சு நிபுணர், மனநல நிபுணர், சிறப்புக் கல்வியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது, அதுவும் இலவசமாக. டவுன் சிண்ட்ரோம் குழந்தையில் பாதிப் பேருக்கு இதயப் பிரச்சினை, எல்லோருக்கும் தசைத் தளர்வு என்றிருக்கும்போது இந்த ஒரே கூரை பெரிய விஷயம், ஏனென்றால் உட்கார முடியாத குழந்தைக்கு மூச்சும் நிலைக்காது, சத்தமும் நிலைக்காது, பிசியோவும் பேச்சும் தனித்தனி இல்லை. பலவீனம், காகிதத்தில் இருக்கும் பதவி எல்லாவற்றிலும் ஆள் இருப்பார் என்று நம்பிப் போக முடியாது. ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர்தான் இருப்பார், அவருக்கும் வரிசை நீளம், உங்களுக்குக் கிடைப்பது அரை மணிக்கும் குறைவாக இருக்கலாம். போவதற்கு முன் போன் செய்து ஸ்பீச் தெரபிஸ்ட் எந்தக் கிழமையில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதல் கதவுகள் உண்டு. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம், அங்கே 2021 முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்றே ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையம் நடக்கிறது. தி.நகரில் மதுரம் நாராயணன் மையம், பல வருடங்களாகக் கைக்குழந்தைகளுக்கான உபநயன் என்ற பயிற்சித் திட்டத்தை நடத்துவது, அம்மாவோ அப்பாவோ பாட்டியோ கூடவே உட்கார வேண்டும் என்பது அங்கே நடைமுறை. எனக்கு இந்த ஒரு விதி மிகவும் பிடித்தது, காரணம் கீழே வருகிறது.

அடுத்து தனியார் கிளினிக். ஊரைப் பொறுத்து ஒரு செஷனுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் வாங்குகிறார்கள். நேரம் நமக்கு வசதி, ஒரே தெரபிஸ்ட் தொடர்ந்து பார்ப்பார், குழந்தை அவர் முகத்தைப் பழகிக்கொள்ளும். ஆனால் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். காது-பேச்சுத் துறைப் பட்டங்களான பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது எம்.ஏ.எஸ்.எல்.பி. படித்தவரா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவரிடம் குழந்தையை விட வேண்டாம். இன்னொன்று, சில இடங்களில் குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள், நாம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், முக்கால் மணி கழித்து "இன்னைக்கு நல்லா கோஆபரேட் பண்ணினா" என்று திருப்பிக் கொடுப்பார்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்த முதல் இடம் இப்படித்தான். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் மீதி ஆறு நாள் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியாது. ஒரு வயதுக் குழந்தைக்கு இந்த ஏற்பாட்டால் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை வெறும் கோபத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே மாதிரியான பயிற்சியை ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம், இன்னொரு குழுவுக்கு வாரம் ஐந்து மணி நேரம் என்று ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஐந்து மணி நேரக் குழுதான் கூடுதல் சொற்கள் பேசியது, வளர்ச்சித் தாமதம் உள்ள மற்ற குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. அங்கே ஐந்து மணி நேரமும் பயிற்சி பெற்றவர்கள்தான் கொடுத்தார்கள், அம்மாவும் பாட்டியும் கொடுத்தால் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் நம் நிலைமையைப் பாருங்கள். வாரம் ஐந்து மணி நேரத்தை எந்த அரசு மையமும் தராது, தனியாரில் வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? அப்படியானால் அந்த மீதி மணிகள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும், அதைக் கொடுக்கும் ஆட்களுக்கு யாராவது சரியாகச் சொல்லித்தர வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை கதவு சாத்திய கிளினிக்கையும், மாதம் இரண்டு முறை உங்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துகிற தெரபிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், கட்டணம் ஒன்றாக இருந்தாலும்.

வீட்டு வழி என்றால் என்ன? காலையில் ஒரு மணி நேரம் கார்டு காட்டி வகுப்பெடுப்பது இல்லை. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, துணி மாற்றும்போது நடப்பதுதான். முகத்துக்கு நேராக, கை நீட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்ல வேண்டும், நாம் காட்ட நினைத்ததை இல்லை. அப்புறம், நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் இதுதான் கஷ்டம். இந்தக் குழந்தைகள் பதில் சொல்ல நேரம் எடுக்கும், அதுவும் சத்தம் எழுப்பும்போது இடைவெளி விடாமல் தொடர்ந்து எழுப்பும், அதனால் நீ-நான் என்ற மாற்று சீக்கிரம் அமையாது. நாம் ஒன்று சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணினால்தான் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ஆ" வரும். பத்து எண்ணுவதற்குள் தாத்தா கைதட்டி, அத்தை கிலுகிலுப்பை ஆட்டி, யாரோ டிவியைப் போட்டுவிடுவார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இவர்கள் சிரிப்பதிலும் ஆட்டம் காட்டுவதிலும் தாராளம், ஆனால் "எனக்கு அது வேண்டும்" என்று கேட்பது குறைவு. அதற்கு நாமும் காரணம், உடம்புக்கு முடியாத பிள்ளை என்று கேட்பதற்கு முன்பே எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். பிஸ்கட் டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாதபடி வையுங்கள். ஊஞ்சலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு நிறுத்துங்கள். வாழைப்பழத்தையும் தம்ளரையும் இரண்டு கையில் பிடித்து எது வேண்டும் என்று காட்டுங்கள். கண் ஒரு பக்கம் போனாலே அது பதில், உடனே கொடுத்துவிட வேண்டும்.

சைகைக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டை அதிகம் நடப்பது இதில்தான். "கையைக் காட்டிப் பழகிட்டா வாயைத் திறக்க மாட்டா" என்று என் சொந்தத்தில் படித்தவர்களே சொன்னார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே முக்கியச் சொல்லுக்கு மட்டும் கையசைவு காட்டுகிற முறையில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பேச்சு வந்ததும் சைகை தானாகவே உதிர்ந்துவிடுகிறது. பிரிட்டனில் 1970களில் உருவான மகட்டான் முறை இந்த வகைதான். கை தசைகள் நாக்குத் தசைகளைவிட முந்தி வசப்படும், கண்ணும் பலம், ஆக இது இந்தக் குழந்தைகளுக்கென்றே செய்த மாதிரி பொருந்துகிறது. சொல்லப்போனால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைத்தமிழில் சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பிரித்தார்களே, கைதட்டுவதும், முத்தம் கேட்பதும், வா என்று அழைப்பதும், நிலாவைக் காட்டிக் கூப்பிடுவதும் எல்லாம் குழந்தையோடு கையாலும் கண்ணாலும் பேசுவதுதான். டாட்டாவும் சாமி கும்பிடுவதும் சைகையில்லாமல் என்ன?

எட்டு, ஒன்பது மாதத்தில் நான்கைந்து சொல் போதும்: இன்னும், போதும், பால், வா, தூக்கு. எல்லோரும் ஒரே அசைவையே காட்ட வேண்டும், பாட்டி ஒன்று, அப்பா ஒன்று என்றால் குழம்பும். நாம் காட்ட ஆரம்பித்து அவள் திருப்பிக் காட்ட மாதக்கணக்கில் ஆகலாம். கையோடு சொல்லையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், வாயை மூடிக்கொண்டு சைகை மட்டும் காட்டினால்தான் உறவினர்களின் பயம் உண்மையாகும். காசு செலவில்லை, பக்க விளைவில்லை. எனக்குத் தெரிந்து இந்தப் பட்டியலிலேயே மலிவும் இதுதான், பயனும் இதுதான்.

படப் பலகை, டேப்லெட் செயலி? சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும், நல்ல கருவி. ஆனால் இரண்டு வயதுக்குள் நிஜப் பொருளும் வீட்டு ஆட்களின் போட்டோவும் போதும். இரண்டு, இரண்டரை ஆகியும் சொற்களும் சைகைகளும் மிகக் குறைவாக இருந்தால் தயங்காமல் அந்தப் பக்கம் போங்கள், அதுவும் பேச்சைத் தடுக்காது. யூடியூப் ரைம்ஸ் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது, போன் நம் குழந்தைக்காகப் பத்து எண்ணிக் காத்திருக்காது.

காசைக் கரைக்கும் சில விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். விசில் ஊதுவது, நாக்கை மடக்குவது, கன்னத்தில் வைப்ரேட்டர் வைப்பது போன்ற வாய்ப் பயிற்சிகளால் பேச்சு தெளிவாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சாப்பாட்டுக்கான பயிற்சி வேறு, விழுங்குவதில் திணறும் குழந்தைக்கு அது அவசியம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாக்கைச் சிறிதாக்கும் ஆபரேஷனால் பேச்சு மேம்படவில்லை. மூளைக்கு என்று விற்ற பைராசெட்டம் மருந்தை கனடாவில் சோதித்து 2001இல் பலனில்லை என்று வெளியிட்டார்கள். வசம்பைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதில் தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற விஷத் தொற்று வரலாம். விழுங்குவதே சிரமமான குழந்தையின் வாயில் எதையும் தடவுவது அதைவிட வம்பு.

மொழி பற்றியும் கேட்கிறார்கள். "ஒரே மொழி பேசுங்க, அதுவும் இங்கிலீஷே பேசுங்க, ஸ்கூலுக்கு உதவும்" என்ற அறிவுரை கிளினிக்குகளிலேயே கிடைக்கிறது. கனடாவில் 2005இல் வந்த ஆய்வில் இரண்டு மொழி கேட்டு வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் ஒரே மொழிக் குழந்தைகளைவிடப் பின்தங்கியிருக்கவில்லை. வீட்டில் எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்ச வருமோ அதில் பேசுங்கள்.

ஆக, எப்படி முடிவு செய்வது? மாவட்டத் தலைநகரில் இருந்தால் டி.இ.ஐ.சி.யில் பதிவு செய்து காது, தைராய்டு, பிசியோ எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள், கையில் காசிருந்தால் உங்களையும் உட்கார வைக்கும் ஒரு தனியார் தெரபிஸ்ட்டை மாதம் இரண்டு முறை சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் தூரம் என்றால் ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறிக் குழந்தையைச் சளி பிடிக்க வைப்பதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை மையத்துக்குப் போய் இலக்குகளை எழுதி வாங்கிவந்து, நடுவில் வீடியோ காலில் பேசுவது மேல். கைக்குழந்தை விஷயத்தில் வீடியோ கால் மோசமில்லை, தெரபிஸ்ட் பார்க்க வேண்டியது நீங்கள் எப்படி விளையாடுகிறீர்கள் என்பதைத்தானே. இதய ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தை என்றால் மையத்துக்கு அலைய வேண்டாம், மடியில் வைத்து முகம் பார்த்துப் பேசுவதற்கு டாக்டர் அனுமதி தேவையில்லை. செலவுக்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடும் எடுத்து வையுங்கள், காப்பீடு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

எந்த வழியில் போனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன வீடியோ எடுத்து முந்தையதோடு வைத்துப் பாருங்கள். கண் பார்வை, சத்தம், கையசைவு, கேட்பது இவற்றில் எதுவுமே நகரவில்லை என்றால் முதலில் காதை மறுபடி டெஸ்ட் செய்யுங்கள், அது சரியென்றால் தெரபிஸ்ட்டை மாற்றுங்கள். வந்த சிரிப்பும் சத்தமும் திடீரென்று குறைந்து, குழந்தை வரிசையாகத் தூக்கிப்போட்டது போலக் குலுங்கினால் மட்டும் தெரபிக்கு நேரம் கேட்டுக்கொண்டிருக்காமல், அதை அப்படியே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் டாக்டரிடம் ஓடுங்கள், அது கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.